பினாங்கில் ஹோட்டல் அறை: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு மலேசியாவின் பினாங்கில் அறை பார்த்துக் கொடுக்கும் வேலை எங்கள் வீட்டில் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று இடறும். ஜன்னலே இல்லாத அறை, லிஃப்ட் இல்லாத மாடி, கவுண்டரில் திடீரென்று கேட்கும் வரி, ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் வங்கிக்குத் திரும்பாத முன்பணம். முதல்முறை வருகிறவர்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதியதெல்லாம் பெரும்பாலும் தலைநகர் ஜார்ஜ்டவுனையும் கடற்கரைப் பகுதியான பத்து ஃபெரிங்கியையும் பற்றியது.

1. அறைக்கு முன்னால் தெருவைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் படத்தில் கட்டிலைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பினாங்கில் அது சரிவராது. கதவைத் திறந்து வெளியே வந்தால் எந்தத் தெருவில் நிற்பீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மொத்தப் பயணமும் அமையும்.

லிட்டில் இந்தியா, அதாவது லெபோ பசார், லெபோ பினாங்கு, லெபோ குயின் சுற்றுவட்டாரம், வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு என் முதல் தேர்வு. இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, மகா மாரியம்மன் கோவில் எல்லாமே நடக்கிற தூரம். கடையில் தமிழில் பேசினால் தமிழில் பதில் வரும். எதிர்க்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்து இறங்கும் படகுத்துறையும் பக்கம்தான். ஆனால் பாட்டுக் கடைகளின் ஒலிபெருக்கி ராத்திரி வரை ஓயாது. விடிவதற்கு முன் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பாங்கு கேட்கும், அதைத் தொடர்ந்து கோவில் மணி. எனக்கு இரண்டும் பிடிக்கும். தூக்கம் லேசானவர்கள் தெருவைப் பார்த்த அறையை எடுக்காமல் பின்பக்க அறையைக் கேளுங்கள்.

லவ் லேன், லெபோ சூலியா பக்கம் விலை மலிவு. மதுக்கடைகளும் அங்கேதான். நண்பர்களோடு வந்தால் சரி, அம்மா அப்பாவோடு வந்தால் வேண்டாம்.

கொம்தார், பினாங்கு ரோடு பகுதியில் நடுத்தர விலையில் பெரிய ஹோட்டல்கள் உண்டு. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் லிஃப்ட் இருக்கும், பேருந்து நிலையம் பக்கத்தில், நாலு பக்கமும் போக வசதி. கொர்னி டிரைவ் பக்கம் உயரமான புதிய கட்டடங்கள், பேரங்காடிகள், கடலோர நடைபாதை. தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போவதுதான் முக்கிய நோக்கம் என்றால் லிட்டில் இந்தியாவைவிடக் கொர்னி கிட்டம்.

பத்து ஃபெரிங்கி கடற்கரை விடுதிகளுக்கான இடம். ஜார்ஜ்டவுனிலிருந்து வளைந்து வளைந்து போகும் சாலை, நெரிசல் நேரத்தில் முக்கால் மணி நேரம்கூட ஆகும். 101 எண் பேருந்து அங்கே போகிறது. கடற்கரையில் சும்மா கிடக்க வருகிறீர்களா, ஊர் சுற்ற வருகிறீர்களா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஊர் சுற்ற வந்து அங்கே அறை எடுத்தால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். கடல் நீரும் மாலத்தீவு மாதிரி நீலமாக இருக்காது, சொறிமீன் எச்சரிக்கையும் அடிக்கடி இருக்கும். அங்கே பிள்ளைகள் விளையாடப்போவது நீச்சல் குளத்தில்தான். ஆகவே குளத்தைப் பார்த்து ஹோட்டலைத் தேர்ந்தெடுங்கள்.

2. தேதியைப் பிடியுங்கள்

தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த வாரம் பினாங்கில் கடைசி நேரத்தில் அறை தேடுவது வீண். மூன்று நான்கு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். முதல் நாள் விடிவதற்கு முன்பே தங்க ரதம் லெபோ குயின் மாரியம்மன் கோவிலிலிருந்தும், நகரத்தார் வெள்ளி ரதம் லெபோ பினாங்கு கோவில் வீட்டிலிருந்தும் புறப்பட்டுவிடும். வழிநெடுகத் தேங்காய் உடைப்பார்கள், சாலைகளை மூடிவிடுவார்கள். ரதம் போகும் தெருவில் உங்கள் ஹோட்டல் இருந்தால் கிராப் வண்டி (கைப்பேசிச் செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) வாசல் வரை வராது. ரதம் கிளம்புவதற்கு முந்தைய மதியமே அறைக்குள் நுழைந்துவிடும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

சீனப் புத்தாண்டு இன்னொரு நெருக்கடி. விலை ஏறும், பல கடைகள் சில நாள் மூடிக் கிடக்கும். மலேசியா, சிங்கப்பூர் பள்ளி விடுமுறைகளில் பத்து ஃபெரிங்கி நிரம்பி வழியும். செப்டம்பர், அக்டோபர் மழை மாதங்கள், விலை பொதுவாக இறங்கியிருக்கும். குடை பிடிக்கத் தயாரென்றால் அப்போது வரலாம்.

3. காட்டும் விலையோடு என்னென்ன சேரும்

அதிகம் பேர் சண்டை போடுவது இங்கேதான். கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் கத்திப் பயனில்லை, அவர் வசூலிப்பது பெரும்பாலும் அரசாங்க வரி.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், அதற்குமேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடும், எஸ்எஸ்டி என்று இங்கே சொல்லும் சேவை வரி 8 விழுக்காடும் உண்டு என்று அர்த்தம். இந்த வரி 2024 பிப்ரவரி வரை 6 விழுக்காடாக இருந்தது. பழைய கட்டுரைகளைப் படித்துக் கணக்குப் போட்டால் இடிக்கும்.

அப்புறம் சுற்றுலா வரி. வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்). ஆள் கணக்கில் இல்லை, அறைக் கணக்கு. 2017 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பிடத் தகுதி உள்ளவர்களுக்கும் இது கிடையாது, ஆனால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். இது போதாதென்று பினாங்கு மாநிலத்துக்கென்று தனியாக ஹோட்டல் கட்டணம் ஒன்றும் உண்டு. மூன்று நட்சத்திரம் வரை 2 வெள்ளி, நான்கு ஐந்து நட்சத்திரத்துக்கு 3 வெள்ளி, அதுவும் ஓர் இரவுக்கு ஓர் அறைக்கு. இதற்கு உள்ளூர்க்காரர் வெளியூர்க்காரர் பேதம் இல்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். தமிழ்நாட்டிலிருந்து நான்கு பேர், நான்கு நட்சத்திர ஹோட்டல், இரண்டு அறை, மூன்று இரவு, ஓர் அறை 250 வெள்ளி, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி.

அறை வாடகை 1,500
சேவைக் கட்டணம் 150
சேவை வரி 120
சுற்றுலா வரி 60
மாநிலக் கட்டணம் 18
மொத்தம் 1,848 வெள்ளி

1,500 என்று நினைத்துப் போனவருக்கு 348 வெள்ளி கூடுதல். எல்லா ஹோட்டலும் சேவைக் கட்டணம் வாங்குவதில்லை. முன்பதிவுத் தளங்கள் பல சேவைக் கட்டணத்தையும் சேவை வரியையும் விலைக்குள் சேர்த்தே காட்டும், ஆனால் கடைசி இரண்டையும் பெரும்பாலும் கவுண்டரில்தான் கேட்பார்கள். அதற்கென்று கொஞ்சம் ரொக்கம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை எவ்வளவு என்று தோராயமாகச் சொல்கிறேன். சுத்தமான சிறிய ஹோட்டல் 100 முதல் 180 வெள்ளி, லிஃப்டும் பசியாறலும் (காலை உணவு) உள்ள நடுத்தரம் 200 முதல் 400, பழைய வீடுகளைப் புதுப்பித்த அழகான விடுதிகள் 400க்கு மேல்.

4. வாட்சப்பில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்

தளத்தில் இருக்கும் படத்தை நம்பாதீர்கள். இங்கே பெரும்பாலான ஹோட்டல்களுக்கு வாட்சப் எண் இருக்கும், எளிய ஆங்கிலத்தில் கேட்டால் போதும். எழுத்தில் வந்த பதில் பிறகு கைகொடுக்கும்.

முதல் கேள்வி: அறைக்கு ஜன்னல் உண்டா? மலிவு விலை ஹோட்டல்களில் ஜன்னல் இல்லாத அறைகள் ஏராளம். அதைப் பொய் சொல்லி விற்பதில்லை, விவரத்தில் எங்கோ ஓரத்தில் எழுதியிருப்பார்கள். 'டீலக்ஸ்' என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், டீலக்ஸ் அறைக்கும் ஜன்னல் இல்லாமல் இருக்கலாம். 'ஜன்னல் உண்டு' என்று சொன்னாலும் அது எதைப் பார்த்து இருக்கிறது என்று கேளுங்கள். நடைவழியைப் பார்த்த ஜன்னலும் அவர்கள் கணக்கில் ஜன்னல்தான்.

இரண்டாவது: லிஃப்ட் உண்டா? ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரம். பாரம்பரியக் கட்டடங்களில் நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. பழைய கடைவீட்டு விடுதிகளில் செங்குத்தான மரப்படிதான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் தரைத்தள அறை உண்டா என்று கேளுங்கள். இருக்கும், ஆனால் ஒன்றிரண்டுதான்.

மூன்றாவது: சுவர் மரத் தடுப்பா, செங்கலா? மரத் தடுப்பென்றால் பக்கத்து அறை இருமல்கூடக் கேட்கும். குழந்தை அழுதால் உங்களுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம்.

நான்காவது: நான்கு பேருக்கு எத்தனை கட்டில்? 'குடும்ப அறை' என்பது சில இடங்களில் ஒரு பெரிய கட்டிலும் தரையில் ஒரு மெத்தையும். கட்டில் அளவைக் கேட்டுவிடுங்கள். உண்மையான நால்வர் அறை கிடைத்தால் சுற்றுலா வரியும் பாதியாகும்.

அடுக்குமாடி வீட்டை நாள் வாடகைக்கு எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பினாங்குத் தீவில் 2023இலிருந்து இப்படிக் குறுகிய கால வாடகைக்கு விடுவதற்குக் கட்டுப்பாடு உண்டு, குடியிருப்பு வீடுகளுக்கு அனுமதியில்லை. வீட்டுக்காரர் 'ஃபிரெண்ட் என்று கார்டிடம் சொல்லுங்கள்' என்று சொல்லிக்கொடுத்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்டியோடு காவலாளியிடம் பொய் சொல்லி நிற்கும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

5. ஓர் இரவை மட்டும் தனியாக வையுங்கள்

மூன்று இரவும் விலையுயர்ந்த இடத்தில் தங்க நம்மில் பலருக்கு முடியாது, தேவையும் இல்லை. இரண்டு இரவு சாதாரண இடத்தில் தங்குங்கள், கடைசி இரவை மட்டும் நல்ல இடத்தில் எடுங்கள். முதல் இரவை அங்கே எடுத்தால் பயணக் களைப்பில் தூங்கியே பணம் போய்விடும்.

பணம் இருந்தால் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், இங்கே எல்லோரும் 'இ அண்ட் ஓ' என்பார்கள். 1885இல் தொடங்கிய ஹோட்டல், கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் புல்வெளி. அங்கே எடுத்தால் கடல் பார்த்த அறையை எடுங்கள், தெருப்பக்க அறைக்கு அந்த விலை கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. மாலை ஐந்து மணிக்குள் திரும்பி வந்து கடல் சுவரோரம் உட்காருங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

லெபோ லீத்திலுள்ள சியோங் ஃபாட் சீ மாளிகை, நீல மாளிகை என்றால் எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு அறைகள்தான். நடுவில் திறந்த முற்றம். மழை பெய்யும்போது செட்டிநாட்டு வீட்டில் நிற்பது போலவே இருக்கும். பகலில் பார்வையாளர் கூட்டம் வரும், அது போன பிறகு முற்றம் தங்குபவர்களுக்குத்தான். குழந்தைகளோடு வருகிறவர்கள் வயது விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். லோரோங் ஸ்டூவர்ட்டில் உள்ள செவன் டெரசஸ் விடுதியும் வரிசைக் கடைவீடுகளைச் சேர்த்து எடுத்ததுதான். அழகு, ஆனால் அறைக்குள்ளேயே மாடிப்படி. பாட்டிக்கு ஆகாது.

குழந்தைகள் கூட வந்தால் பத்து ஃபெரிங்கி ராசா சாயாங்கில் அந்த ஓர் இரவைச் செலவழிக்கலாம். பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் நிழல் விரிக்கும் தோட்டம், அறையைவிட அதுதான் விசேஷம். அதிலே ஓடித் திரிய விட்டுவிட்டால் பிள்ளைகளுக்குக் கைப்பேசி ஞாபகமே வராது.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். எங்கள் உறவினர்கள் ஊருக்குப் போன பிறகு மெத்தையையோ தொலைக்காட்சியையோ பற்றிப் பேசியதே இல்லை. வரவேற்பில் இருந்த பெரியவர் கைக்குடை கொடுத்ததையும், அப்பா சர்க்கரை இல்லாமல் காப்பி குடிப்பார் என்று இரண்டாம் நாளே பணியாள் ஞாபகம் வைத்திருந்ததையும்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இது சிறிய ஹோட்டல்களில்தான் அதிகம் நடக்கும். ஆகவே விமர்சனங்களைப் படிக்கும்போது மதிப்பெண்ணை விடுங்கள், பணியாளர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

6. காகிதங்கள்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். 2023 டிசம்பர் 1இல் தொடங்கிய இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் தங்களுக்கான விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசா இல்லை என்பதற்காக வெறும் கையோடு வரக் கூடாது. திரும்பும் டிக்கெட், ஹோட்டல் முன்பதிவுத் தாள் இரண்டையும் அச்செடுத்து வைத்திருங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்று நம்பி, வரிசையில் நிற்கும்போது இணையம் இல்லாமல் தவிக்க வேண்டாம். முன்பதிவுத் தாளில் எல்லார் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்கு முன்னால் நிரப்ப முடியாது. தங்கும் இடத்தின் முகவரி, அஞ்சல் குறியீடு எல்லாம் கேட்கும், எனவே முதல் இரவு ஹோட்டலாவது உறுதியாகியிருக்க வேண்டும். இது முழுக்க இலவசம். குடிநுழைவுத் துறையின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். தேடினால் முதலில் வரும் சில தளங்கள் பணம் கேட்கும், அவை அரசாங்கத்துடையவை அல்ல.

இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்தே இருக்கும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். கவுண்டரில் அட்டை இயந்திரம் 'ரூபாயா, ரிங்கிட்டா' என்று கேட்டால் ரிங்கிட் என்று அழுத்துங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விலைதான்.

7. வந்திறங்கும் நாள்

சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. ராத்திரி ஏறிக் காலையில் இறங்குவது நல்ல வசதிதான், ஆனால் அறை கிடைப்பது மதியம் இரண்டு அல்லது மூன்று மணிக்கு. அந்த இடைவெளியை முன்பே யோசியுங்கள். சீக்கிரம் அறை தர முடியுமா என்று ஒரு நாள் முன்னதாக வாட்சப்பில் கேளுங்கள். பல இடங்களில் அறை காலியாக இருந்தால் சும்மாவே தருவார்கள், சில இடங்களில் 50 வெள்ளி கேட்பார்கள். இல்லையென்றால் பெட்டிகளை அங்கே போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். பெட்டி வைக்கக் காசு வாங்க மாட்டார்கள். கைக்குழந்தையோ உடம்பு முடியாதவரோ இருந்தால் முந்தைய இரவுக்கும் சேர்த்தே அறை எடுப்பது நல்லது. அப்போது 'விடியற்காலைதான் வருவோம்' என்று எழுதிச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வரவில்லை என்று கணக்கெழுதி அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும் ஆபத்து உண்டு.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குக் கிராப் 25 முதல் 40 வெள்ளி வரை ஆகலாம். கோலாலம்பூர் வழியாக வருகிறவர்கள் கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் நாலே கால் மணி நேர அளவில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி. கடலைக் கடந்து ஊருக்குள் நுழையும் அந்த வழி எனக்குப் பிடித்தது, பெட்டி அதிகமில்லாவிட்டால்.

கவுண்டரில் எல்லார் கடவுச்சீட்டையும் கேட்பார்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து முன்பணம், அதாவது கிளம்பும்போது திருப்பித் தரும் பிணைத்தொகை. சிறிய இடங்களில் 50, 100 வெள்ளி. பெரிய இடங்களில் 200 அல்லது அதற்கு மேல், அட்டையில் பிடித்துவைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் கணக்கிலிருந்தே போய்விடும், திரும்பிவர இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். கிரெடிட் கார்டு கொடுங்கள், இல்லாவிட்டால் ரொக்கம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அறைக்குள் போனதும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். குளிரூட்டியைப் போட்டுப் பாருங்கள், சுடுதண்ணீரைத் திறந்து பாருங்கள், மெத்தை ஓரத்தைத் தூக்கி மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள், கதவின் உள் தாழ்ப்பாளைச் சோதியுங்கள். விரிப்பிலோ சுவரிலோ ஏற்கெனவே கறை இருந்தால் படம் எடுத்து வையுங்கள். அறை மாற்றம் கேட்பதென்றால் இப்போதே கேட்டால் கிடைக்கும்.

8. பசியாறல் விஷயம்

அசைவம் சாப்பிடாதவர்களும் மாடு சாப்பிடாதவர்களும் இதைக் கவனமாகப் படியுங்கள். இங்கே பெரும்பாலான ஹோட்டல்களில் பன்றி இருக்காது, அதற்குப் பதிலாக மாட்டிறைச்சியில் செய்த பேக்கன் இருக்கலாம். பார்க்கச் சிவப்பாகச் சுருண்டு கிடக்கும், பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சாதத்தோடு தரும் சம்பாலில் (மிளகாய்த் தொக்கு) நெத்திலியும் பெலாச்சானும் உண்டு, பெலாச்சான் என்பது இறால் விழுது. சாதம் மட்டும் சைவம். பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்குத் தரும் டால்ச்சா பார்க்கச் சாம்பார் போலிருக்கும், உள்ளே எலும்பு கிடக்கலாம். கேட்டுவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

சுத்த சைவம் என்றால் பசியாறல் இல்லாத விலையில் அறை எடுத்துக்கொண்டு, லிட்டில் இந்தியாவில் சாப்பிடுவது லாபம். ஹோட்டலில் ஒரு தலைக்கு 40, 50 வெள்ளி கேட்கும் இடத்தில், வெளியே 10, 15 வெள்ளிக்குள் தோசையும் காப்பியும் முடிந்துவிடும்.

9. அறைக்குள் கொண்டுபோகக் கூடாதவை

டுரியான். மணம் குளிரூட்டிக்குள் ஏறிவிட்டால் போகவே போகாது, அபராதம் அறிவிப்புப் பலகையிலேயே எழுதியிருக்கும். பல இடங்களில் மங்குஸ்தானுக்கும் தடை உண்டு, அதன் சாயம் வெள்ளை விரிப்பில் பட்டால் போகாது. மஞ்சள், குங்குமம், மருதாணி விஷயத்திலும் எச்சரிக்கை. காவடிக்குப் பிறகு விபூதி, சந்தனத்தோடு திரும்புகிறவர்கள் தங்கள் துண்டையே பயன்படுத்துங்கள். ஹோட்டல் துண்டில் கறை பட்டால் முன்பணத்தில் பிடிப்பார்கள்.

இந்தியப் பிளக் இங்கே பொருந்தாது. சதுரக் கால் மூன்றுள்ள பிளக்குக்கான அடாப்டர் வேண்டும். கவுண்டரில் கடனாகத் தருவார்கள், ஆனால் ஒன்றுதான் தருவார்கள்.

10. கிளம்பும் நாள்

பெரும்பாலும் பகல் பன்னிரண்டு மணிக்குள் அறையைக் கொடுக்க வேண்டும், சில இடங்களில் பதினொன்று. ராத்திரி விமானமென்றால் பெட்டிகளை வரவேற்பில் விட்டுவிட்டுக் கொடி மலைக்கோ (பினாங்கு ஹில்) தண்ணீர்மலைக்கோ போய்வரலாம். போகும் முன் குளிக்க இடம் உண்டா என்று கேளுங்கள், பெரிய ஹோட்டல்களில் நீச்சல் குளத்தின் பக்கத்துக் குளியலறையைத் திறந்துவிடுவார்கள்.

விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் முதல் நாள் ராத்திரியே முன்பணத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். சிறிய ஹோட்டல்களில் ராத்திரி காவலுக்கு ஓர் ஆள்தான் இருப்பார், பணப்பெட்டிச் சாவி அவரிடம் இருக்காது. ரசீதைக் காட்டினால்தான் ரொக்கம் திரும்பக் கிடைக்கும், அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் கடவுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள்.